அந்த வீட்டுப் பிள்ளையின் பிஸ்கட்டு

மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், வெண்ணெய் மணந்தது ஒரே ஒரு முறைதான். அந்த மணம் மறுபடி எங்கேனும் மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் எனக்கு முதலில் வருவது பசியன்று, சினம். நகரத்து அடுமனைகளைக் கடக்கும்போது நடையை விரைவுபடுத்திக்கொள்வேன். உடன் வருவோர் எனக்கு நீரிழிவு என்று எண்ணிக்கொள்வர். அவ்வாறே எண்ணட்டும் என்று விட்டுவிடுவேன்.

அம்மா வளைகுடா நாடொன்றுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றபோது நான் பால்போத்தலை விடாத குழந்தை. எங்கள் லயத்தில் பிரசாவுரிமை கிட்டிய குடும்பங்கள் மிகச் சில. அவற்றுள் எங்களுடையதும் ஒன்றாதலால் அம்மாவுக்குக் கடவுச்சீட்டுக் கிடைத்தது. நெடுங்கால இழுபறிக்குப் பின் இந்த இலங்கை நாட்டின் குடிகள் என ஏற்கப்பட்டவர்கள், அவ்வுரிமையைக் கொண்டு முதலில் செய்யக் கூடியதாயிருந்தது நாட்டை விட்டுப் போவதே. இதிலுள்ள நகைமுரணைப் பிற்காலத்தில் வகுப்பறையில் மாணவருக்கு விளக்க முயன்றிருக்கிறேன். எவரும் சிரித்ததில்லை. நானும் சிரித்ததில்லை.

என்னை வளர்த்தவள் அப்பாவின் தமக்கை. விடியுமுன் என்னைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவாள். மாலையில் ஈரச் சாக்கு மணக்க வந்து தூக்கிக்கொள்வாள். அன்பைத் திட்டாகவே வழங்கும் இயல்பினள். அத்திட்டுகளுள் எனக்கு மனப்பாடமானது ஒன்று உண்டு.

“ஒங்கம்மா போன அவசரத்துல ஒம் பால்போத்தல் மூடியக்கூட எங்கயோ தொலைச்சுப்புட்டுப் போயிருச்சு. ஈ மொய்க்கும்னு சீலத்துணியக் கட்டிக் கட்டித்தான் ஒனக்குப் பால் குடுத்தேன். தெரியுமாடி?”

தெரியும். அடைமழை பெய்தால் சொல்வாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் சொல்வாள். அம்மாவிடமிருந்து பணம் வந்த நாளில் தவறாமற் சொல்வாள். என் தாயைப் பற்றி நான் அறிந்த முதற்செய்தி, அவள் ஒரு மூடியைத் தொலைத்தவள் என்பதுதான்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது அம்மா விடுமுறையில் வந்தாள். ஹட்டனிலிருந்து வாடகை வேனில் அவள் வந்து இறங்கியபோது லயமே இஸ்தோப்பு என்னும் முன்திண்ணையில் திரண்டு நின்றது. அவள் என்னை நோக்கிக் கைகளை நீட்டியபடி வந்தாள். அக்கைகள் என் முழங்கால் உயரத்துக்கு நீண்டிருந்தன. பிறகு நின்று, என்னை மேலிருந்து கீழாகப் பார்த்து, கைகளை மெல்ல உயர்த்திக்கொண்டாள்.

பெட்டியைத் திறந்ததும் எனக்கென ஒரு சட்டை வெளிப்பட்டது. கழுத்தைச் சுற்றிப் பின்னல் வேலை செய்த இளஞ்சிவப்புச் சட்டை. அத்தை அதை என் தலைவழியே மாட்ட முயன்றாள். தோளுக்குக் கீழே இறங்கவில்லை.

“யாருக்குடி எடுத்த இத? பொம்மைக்கா?” என்றாள் அத்தை.

கூடியிருந்தோர் சிரித்தனர். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஏனெனில் அந்தச் சட்டை யாருடையது என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஓரறை வீடான அடுத்த காம்பராவின் பையன் முன்னமே சொல்லியிருந்தான்: “ஒங்கம்மா அங்க வேற புள்ளயத் தூக்கி வளக்குதாம். எங்க மாமி சொன்னுச்சு.” அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சிறுத்துப்போனதை எனக்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நொடிப்பொழுதில் முடிவுசெய்தேன்.

அன்று முதல் அப்பிள்ளை எங்கள் காம்பராவில் குடியேறியது. அதற்குச் சுருள்முடி தந்தேன், வெண்ணிறத் தோலும் வார் வைத்த சப்பாத்தும் தந்தேன், பெயரும் வைத்தேன். அப்பெயரை இங்கே எழுத மாட்டேன்.

அந்நாட்களில் அம்மாவை நான் எச்சொல்லாலும் விளிக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் விடை சொன்னேன். வேணாம். தெரியாது. பசிக்கல்ல. அத்தையின் சேலைத் தலைப்புக்குப் பின்னே நின்றுகொண்டே சொன்னேன். அவள் மடியிலிட்டு ஊட்ட எடுத்த சோற்றுருண்டையை வாங்க மறுத்து, அத்தை அடுப்பில் போட்டெடுத்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றேன்.

அவளுக்கு வழங்கப்பட்டிருந்த விடுமுறை குறுகியது. ஒருநாள் சுவருக்கு அப்பால் அவள் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“நான் திரும்பிப் போறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் புள்ள எங் கையால வாங்கித் தின்னுட்டாப் போதும்ங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

அப்படியா சேதி என்று எண்ணிக்கொண்டேன். அவளுடைய வேண்டுதல் எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. எதைத் தரக் கூடாதென்பதும் அதே கணத்தில் தெரிந்துவிட்டது.

அதன்பிறகே அவள் தான் வேலைபார்க்கும் வீட்டில் கற்ற வெண்ணெய் பிஸ்கட்டைச் சுடப்போவதாக அறிவித்தாள். பிஸ்கட்டு என்பதற்குத் தூய தமிழில் நல்ல சொற்கள் உண்டு. மாணவருக்கு அவற்றைக் கற்பித்தும் இருக்கிறேன். ஆயினும் அவற்றுள் ஒன்றுகூட அன்று எங்கள் தட்டில் கிடந்த பொருளின்மேல் ஒட்ட மறுக்கிறது.

“அந்தூட்டு அம்மா பிரான்சுல படிச்சவங்க. தேத்தண்ணியோட இந்த பிஸ்கட்டு இல்லாட்டி கோப்பையத் தொடவே மாட்டாங்க. அவங்களே நின்னு எனக்குக் காட்டிக் குடுத்தாங்க. வாயில வச்சாக் கரைஞ்சிரும்” என்று அடுத்த காம்பரா அக்காவிடம் அம்மா விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தேநீரின் கொழுந்து எந்த மலையில் பறிக்கப்பட்டது என்று அந்த அம்மையார் கேட்டிருப்பாரா என எனக்குத் தெரியாது.

வெண்ணெய் வாங்க அப்பா ஹட்டனுக்குப் பேருந்தேறினார். நனைந்து திரும்பி வந்தவர் பொதியைத் தூக்கிப் பலகைமேல் போட்டார்.

“கடை கடையா ஏறி எறங்குனேன். ‘பட்டரா? யாருக்கு, தொரைக்கா?’ன்னு கேக்குறான். ஆமாடா, தொரைசானி லயத்துலதான் இருக்குன்னு சொல்லிட்டு வாங்கிட்டு வந்தேன்.”

அம்மா நாணினாள். அத்தை அடுப்பை வேண்டுமென்றே உரக்க ஊதினாள்.

எங்களிடம் அடுமனை அடுப்பு ஏது? அகன்ற சட்டியில் ஆற்றுமணலைப் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தட்டை வைத்து, தகர மூடியால் மூடி, மூடியின்மேல் தணல் கொட்டுவதென்பது அம்மாவின் திட்டம். மா, சீனி, வெண்ணெய், முட்டையின் மஞ்சட்கரு. பாதி வெண்ணெயை எடுத்து மாவில் விரல் நுனியால் உதிர்த்துச் சேர்த்து, மூடி வைத்துவிட்டுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

அவள் போனதும் அத்தை பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். மா பொலபொலவென்று உதிர்ந்து கிடந்தது. நாள்தோறும் விடியலில் குடும்பத்துக்கே ரொட்டி சுட்டு, அதைச் சம்பலோடு கட்டிக்கொண்டு மலையேறும் பெண்ணின் கண்ணுக்கு அது அரைகுறை வேலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. பாவம், வெளிநாட்டில் இருந்து இருந்து இவளுக்கு மா பிசையவும் மறந்துபோயிற்று என்று எண்ணியிருக்க வேண்டும். கேத்தலிலிருந்து சுடுநீரை ஊற்றினாள். முழு வலுவோடு பிசைந்தாள், பலகையில் ஓங்கி அடித்தாள், உருட்டினாள். நான் அருகிலிருந்து பார்த்தேன். தடுக்கவில்லை. தடுப்பதற்கு எனக்கு என்ன தெரியும்?

அம்மா திரும்பி வந்தபோது மா இளகிப் பளபளத்துக் கிடந்தது. அவள் அதையே சுட்டாள். வெந்து வந்ததை அப்பா கடித்தார். வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபக்கத்துப் பல்லால் கடித்தார்.

“பொழுது சாயிற வரைக்கும் மலையில தாங்கும்” என்றாள் அத்தை, பெருமையோடு.

“மதினி, இதப் பெசையக் கூடாதுங்க. நுனி வெரலால தொட்டும் தொடாம இருக்கணும். கொழுந்து எடுக்குறாப்புல.”

“எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ போன நாள்லருந்து ஒன் தேயில நெரையையும் சேத்து.”

அம்மாவுக்கு அத்தைமேல் கோபம். அத்தைக்கு அம்மாமேல் கோபம். இருவரையும் அடக்கத் தெரியாத தம்மீதே அப்பாவுக்குக் கோபம். எனக்கோ எல்லோரையும்விட அதிகம். நான் மட்டுமே அதை மகிழ்ச்சியோடு வைத்திருந்தேன்.

எஞ்சிய வெண்ணெயைக் கொண்டு ஞாயிற்றுக்கிழமை மீண்டும் தொடங்கினாள். இம்முறை அத்தையை அடுப்புக்கு அண்ட விடவில்லை. மாவைத் துணியில் சுற்றி யன்னலோரம் வைத்தாள். பனிமூட்டம் உள்ளே புகுந்து அதைக் குளிர்வித்தது. “அங்க ஐஸ்பெட்டியில வைக்கணும். இங்க கதவத் தொறந்தாப் போதும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மா இறுகியதும் பலகையில் மெல்லியதாய்ப் பரப்பினாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் படிந்த சிறிய பிளாஸ்டிக் மூடி ஒன்று இருந்தது. அதைச் சுடுநீரில் கழுவித் துடைத்து, மாவின்மேல் அழுத்தி வட்டம் வட்டமாக வெட்டினாள். எல்லாம் சின்னஞ்சிறு வட்டங்கள். கைக்குழந்தையின் வாயில் ஒரே கவளமாகப் போகக்கூடியவை. அவற்றைப் பார்த்தபோதே என் காதுகள் கனன்றன. பழக்கத்தால் அந்தப் பிள்ளையின் வாய்க்கு அளவெடுத்து வெட்டுகிறாள் என்று தோன்றியது. என் வாய் எவ்வளவு பெரிது என்றுகூட இவளுக்குத் தெரியாது.

மணம் எழுந்தது. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையே கூரைவரை சுவர் எழுப்பாத லயத்தில் மணத்துக்கு வேலி இல்லை. கருவாடும் மண்ணெண்ணெயும் மணந்த அந்த நெடிய கட்டடம் முழுவதும் வெண்ணெய் பரவியது. பிள்ளைகள் ஓடிவந்து எங்கள் இஸ்தோப்பில் நெருக்கியடித்தார்கள். தகர மூடியைத் திறந்தபோது, ஓரம் மட்டும் பொன்னிறமாகவும் நடு வெளிறியும் அவை கிடந்தன. அம்மா ஒன்றை எடுக்க, அது அவள் விரலிடுக்கிலேயே பொடிந்தது. இன்னொன்றை இரு கையாலும் ஏந்தி, என்முன் குந்தி அமர்ந்து, தன் வாயைத் திறந்து காட்டினாள்.

“ஆ… சொல்லு. ஆ…”

நான் நான்காம் வகுப்பு மாணவி. வாய்பாடு சொல்லத் தெரிந்தவள். பின்னால் நின்ற கூட்டம் வெடித்துச் சிரித்தது.

“பால்குடிப் புள்ள! பால்குடிப் புள்ளைக்கு ஊட்டி விடுறாங்கடோய்!”

அப்போது என்னுள் மூண்டதை விளக்க நான் கற்ற இலக்கணங்கள் போதா. அவள் கையிலிருந்ததைப் பிடுங்கித் தட்டில் வைத்தேன். தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சுவரில் சாய்த்திருந்த விறகுக் குச்சியை மறுகையில் எடுத்தேன்.

“பெரட்டு!” என்று கத்தினேன்.

பெரட்டு என்பது எங்கள் விளையாட்டு. காலையில் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஐயா ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதை, நாங்கள் ஞாயிறுதோறும் குச்சியை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டுவோம். பிள்ளைகள் நொடியில் வரிசையானார்கள். நான் ஒவ்வொரு பெயராய்க் கூப்பிட்டேன். ஒவ்வொரு கையிலும் ஒன்று வைத்தேன். என்னைப் பால்குடி என்று சிரித்தவனுக்கும் வைத்தேன். எனக்கென்று ஒன்றும் மிஞ்சிவிடக் கூடாது. அதுவே என் நோக்கம். வேகமாகக் கூப்பிட்டேன். வாங்கியவர்கள் வாயில் போட்டு, அது கரைந்த திகைப்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

“தாராளமான மனசு. தாயப்போல” என்று அடுத்த காம்பரா அக்கா வியந்தாள். அத்தை மட்டும் என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டில் கடைசியாக ஒன்று எஞ்சியது. யாருக்கு என்று நிமிர்ந்து பார்த்தேன். வரிசையின் கடைக்கோடியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கொழுந்துக்காரிகள் நிற்பதுபோலச் சேலையை இடுப்பில் சொருகி, விளையாட்டுக்கு இசைந்த சிரிப்போடு, கையை நீட்டியபடி நின்றாள். கைகளில் மா ஒட்டியிருந்தது.

பெரட்டுக்குப் பிந்தி வருபவர்களுக்கு அன்று வேலை இல்லை. ஒரு நிமிடம் பிந்தினாலும் கணக்கப்பிள்ளை ஐயா பெயர் போடமாட்டார். மழையில் வந்தவர்கள் மழையிலேயே திரும்பிப் போவார்கள். அதை அவர் எந்தக் குரலில் சொல்வார் என்பது எங்கள் எல்லோருக்கும் பாடம். நான் குச்சியை உயர்த்தினேன்.

“பிந்தி வந்தவங்களுக்குப் பேர் இல்ல. திரும்பிப் போ.”

பிள்ளைகள் கைகொட்டினார்கள், அவ்வளவு பொருத்தமான குரல். பெரியவர்கள் எவரும் அசையவில்லை. அத்தைதான் முதலில் பாய்ந்து வந்தாள். பிசைந்த மாவின் பொருட்டு அம்மாவோடு முறைத்துக்கொண்டிருந்த அதே அத்தை, என் தோளைப் பற்றி உலுக்கினாள்.

“என்னா பேச்சுடி அது? யாரப் பாத்து என்னா பேசுற?”

“விடுங்க மதினி” என்றாள் அம்மா. நீட்டிய கையை மடக்கி, மாவைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு அவள் முகத்தை விட்டு இன்னும் போகவில்லை. “கணக்கப்புள்ள சொன்னாச் சரிதானே.”

அவள் உள்ளே போனாள். எஞ்சிய ஒன்றை நான் கோழிக்கு எறிந்தேன்.

மாலையில் கதவோரம் நின்று பார்த்தேன். அம்மா அந்தச் சிறு மூடியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபடி கைக்குட்டையில் முடிந்து தன் பயணப் பெட்டிக்குள் வைத்தாள். மிஞ்சிய சீனியையும் மாவையும் எங்களுக்கென விட்டாள், மூடியை விடவில்லை. பார், அந்தப் பிள்ளைக்குச் சுடுவதற்குத் திரும்பக் கொண்டுபோகிறாள் என்று என் சினம் எனக்கு விளக்கிற்று. சில நாட்களில், வந்ததுபோலவே வாடகை வேனில் அவள் போனாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். விடைபெற வரவழைக்க அப்பா ஆளனுப்பினார். நான் கணக்குச் செய்துகொண்டிருப்பதாகச் சொல்லி அனுப்பினேன்.

பல்லாண்டுகள் அங்கே உழைத்துவிட்டு அவள் நிரந்தரமாக வந்து சேர்ந்தபோது நான் ஆசிரியை ஆகியிருந்தேன். அதன்பின் நாங்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோம். நான் அவளை அம்மா என்றழைத்தேன், மருத்துவரிடம் கூட்டிச் சென்றேன், மரியாதைக்குக் குறைவைக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்டதில்லை. அவளும் அந்த பிஸ்கட்டை மறுபடி சுட்டதில்லை.

அத்தை இறந்து அவளுடைய காரியம் முடிந்த பிறகு ஒரு மழை நாளில், ஏதோ பேச்சுக்கு இடையே, உள்ளே கிடந்தது என்னையறியாமல் வெளியே வந்துவிட்டது. நீங்கள் வளர்த்த அந்தப் பிள்ளைக்கு இப்போது கலியாணம் ஆகியிருக்குமே என்று கேட்டேன். குரலில் நஞ்சு இருந்தது.

அம்மா வெற்றிலை மடிப்பதை நிறுத்தினாள். “எந்தப் புள்ள?”

“அந்த வீட்டுப் பிள்ளை.”

“அந்தூட்டுல ஏது புள்ள? அந்தம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் மட்டுந்தான். புள்ளைக்கு ஏங்கி ஏங்கியே அந்தம்மா காலம் போயிருச்சு.”

அப்படியானால் அந்தச் சின்ன பிஸ்கட்டுகள் யாருக்கு என்று கேட்டேன்.

“அவங்களுக்குப் பெருசாத்தான் சுடுவேன், கோப்பை வாயால வெட்டி. ஓரத்துல மிஞ்சுற மாவ எனக்குன்னு எடுத்துக்கச் சொல்லுவாங்க. அத சின்னச் சின்னதா வெட்டிச் சுட்டு வச்சுக்குவேன். ஒம் மூடிதான் இருந்துச்சே.”

“என் மூடியா?”

“ஒம் பால்போத்தல் மூடிதான். போகும்போது கையோட எடுத்துட்டுப் போயிட்டேன். மதினிக்கிட்டச் சொல்லல, ஏசும்னு.” வெற்றிலையை மறுபடி மடித்துக்கொண்டே சொன்னாள்: “நீ வளந்துருப்பன்னு தெரியாமலா இருந்துச்சு? தெரியும். கைக்குத்தான் தெரியல.”

எனக்கு அழுகை வரவில்லை. அதே சினந்தான் வந்தது. இத்தனை காலமும் சுமந்த சினத்தை இறக்கிவைக்க அந்த வீட்டில் ஒரு பிள்ளைகூட இல்லாமற்போயிற்றே என்ற சினம். இரு பெண்கள் நிரை நிரையாய்க் கொழுந்தெடுத்தும் ஒரு குழந்தையைத் தாயோடு வைத்திருக்க வழிவிடாத தோட்டத்தின் மீது சினம். கடவுச்சீட்டை வாழ்த்தி வழங்கிய நாட்டின் மீது சினம். அந்த மூடி இப்போது எங்கே என்று அதே கடுங்குரலில் கேட்டேன். கைக்கு எட்டினால் உடைத்திருப்பேனா, வைத்திருப்பேனா, அறியேன்.

“இல்ல. குடுத்துட்டேன்” என்றாள் அம்மா. “நான் வர்ற நேரம் எனக்குப் பதிலா வட்டகொடைப் பக்கத்துப் புள்ள ஒண்ணு வந்துச்சு. அதுவும் பால்குடிய விட்டுட்டு வந்துருந்துச்சு. ராவும் பகலும் அழுகை. இந்தா, மிஞ்சுற மாவுல இத வச்சு வெட்டிக்கன்னு அதுகிட்டக் குடுத்துட்டு வந்தேன்.”

வட்டகொடைக்கு நான் போனதுண்டு. பணிமாற்றம் பெற்றுச் சிறிது காலம் அங்கே கற்பித்ததுமுண்டு. என் வகுப்பில் தாயர் வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் பலர். அவர்களுள் எவளோ ஒருத்தி, தன் தாய் போன வீட்டில் இல்லவே இல்லாத ஒரு குழந்தைக்குச் சுருள்முடியும் சப்பாத்தும் தந்து, பெயரும் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு என் எதிரே அமர்ந்திருந்திருப்பாள்.